விரிசாக்கி: ஜனநாயகம் பிறந்த இடத்திலிருந்து விரட்டப்பட்டவர்கள்

ஜனநாயகம் எங்கே பிறந்தது என்று கேட்டால் பாடப்புத்தகம் ஒரே பதிலைத்தான் சொல்லும்: ஏதென்ஸ். ஏதென்ஸில் எங்கே என்று கேட்டால் அகோராவைக் காட்டுவார்கள். அக்ரோபொலிஸ் குன்றின் அடிவாரத்தில், சந்தையும் நீதிமன்றமும் அரசு அலுவலகங்களும் இருந்த பொதுவெளி அது. இன்று அது அழகான தொல்லியல் பூங்கா. சுற்றுலாப் பயணிகள் டிக்கெட் எடுத்து உள்ளே போகிறார்கள், சாக்ரடீஸ் நடந்த தரையில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

அந்தத் தரை எப்படி வெளியே வந்தது என்று யாரும் கேட்பதில்லை. அதன்மேல் ஒரு குடியிருப்பு இருந்தது. அதன் பெயர் விரிசாக்கி. அங்கே மக்கள் பிறந்து, மணமுடித்து, கடை வைத்துப் பிழைத்து, செத்துக்கொண்டிருந்தார்கள். ஜனநாயகத்தின் அஸ்திவாரத்தைப் பார்ப்பதற்காக அந்தக் குடியிருப்பை வேரோடு பிடுங்கினார்கள். பிடுங்கியது ஒரு வெளிநாட்டு ஆய்வு நிறுவனம். அனுமதி கொடுத்தது உள்நாட்டு அரசு. பணம் கொடுத்தது ஓர் அமெரிக்கக் கோடீஸ்வரர்.

இதை ஏன் நாங்கள் எழுதுகிறோம்? கிரேக்க நாட்டுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? தொல்லியல் இப்போது தமிழ் இளைஞர்களுக்குப் பெருமை தரும் விஷயமாகிவிட்டது. கீழடி என்று சொன்னால் சிலிர்க்கிறோம். சிலிர்க்க வேண்டியதுதான். ஆனால் தோண்டுவது என்பது ஓர் அதிகாரம் என்பதையும் தெரிந்துகொண்டு சிலிர்ப்போம். எந்த மண்ணைத் தோண்டுவது, யாரை எழுப்பி அனுப்புவது, எந்த அடுக்கை வரலாறு என்பது, எந்த அடுக்கைக் குப்பை என்பது எல்லாவற்றையும் யாரோ முடிவு செய்கிறார்கள். அந்த முடிவு எப்படி எடுக்கப்படுகிறது என்பதற்கு விரிசாக்கியை விடத் தெளிவான பாடம் இல்லை.

நடந்தது என்ன?

ஏதென்ஸிலுள்ள அமெரிக்கச் செவ்வியல் ஆய்வுப் பள்ளி 1881இல் தொடங்கப்பட்டது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல கூடி நடத்துகிற நிறுவனம் அது. பள்ளி என்று பெயர் இருந்தாலும் நாம் நினைக்கிற பள்ளிக்கூடம் இல்லை. அமெரிக்க மாணவர்களும் பேராசிரியர்களும் கிரேக்க நாட்டில் தங்கி ஆராயவும் தோண்டவும் ஏற்படுத்திய தளம். இதற்கு முன்பே, 1846இல், பிரெஞ்சுக்காரர்கள் ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். பிறகு ஜெர்மானியர், ஆங்கிலேயர், இத்தாலியர் என்று வரிசையாக வந்தார்கள். வல்லரசு என்றால் ஏதென்ஸில் ஒரு தொல்லியல் பள்ளி இருக்க வேண்டும் என்பது அன்றைய கௌரவம்.

அகோரா இருந்த இடம் வெகுகாலமாகவே ஆய்வாளர்களின் கண்ணில் இருந்தது. ஏதென்ஸ் தலைநகராவதற்குச் சற்று முன்பு, 1830களில், நகரத் திட்டம் வரைந்தவர்களே அக்ரோபொலிஸுக்கு வடக்கிலுள்ள பகுதியைப் பிற்கால அகழாய்வுக்கு ஒதுக்கி வைக்கலாம் என்றார்கள். ஆனால் நிலத்தை வாங்க அரசிடம் காசு இல்லை. மக்கள் அங்கேயே வீடு கட்டி வாழ்ந்தார்கள். ஒன்றிரண்டு ஆண்டு இல்லை, தலைமுறை தலைமுறையாக.

1922இல் துருக்கியோடு நடந்த போரில் கிரீஸ் தோற்றது. அதற்கடுத்த மக்கள் பரிமாற்றத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அகதிகள் சின்ன ஆசியாவிலிருந்து வந்து இறங்கினார்கள். ஏதென்ஸில் தலைக்கு மேல் கூரை கிடைப்பதே பெரும்பாடு. அந்தச் சூழலில்தான் அரசு அகோராவைப் பற்றிப் பேசத் தொடங்கியது. சொந்தமாகத் தோண்ட வசதி இல்லை. வெளிநாட்டுப் பள்ளியிடம் கொடுக்கலாம் என்று முடிவானது. அமெரிக்கப் பள்ளி முன்வந்தது. ஜான் டி. ராக்கஃபெல்லர் ஜூனியர் பணம் கொடுத்தார், முதலில் தன் பெயரை வெளியிடாமல். குடியிருந்தவர்கள் எதிர்த்தார்கள், அரசியல்வாதிகளிடம் போனார்கள், மனுக் கொடுத்தார்கள். நாடாளுமன்றம் சட்டம் போட்டு நிலத்தைக் கையகப்படுத்தும் வழியைத் திறந்துவிட்டது. 1931 மே மாதம் மண்வெட்டி இறங்கியது.

அகோரா அகழாய்வுக் குழுவினரின் சொந்த விவரிப்பின்படி, இதற்காக இடிக்கப்பட்டவை ‘சுமார் 400 நவீன கட்டடங்கள்’. பரப்பு ஏறத்தாழ 12 ஹெக்டேர், நம் கணக்கில் 30 ஏக்கர்.

அந்த வாக்கியத்தை இன்னொரு முறை படியுங்கள். கட்டடங்கள் 400 என்று கணக்கு இருக்கிறது. மனிதர்கள் எத்தனை என்று அந்த வாக்கியத்தில் இல்லை. ‘வீடு’ என்ற சொல்கூட இல்லை. ‘நவீன’ என்ற அடைமொழி வேறு. பழையதாக இருந்தால் மரியாதை, நவீனமாக இருந்தால் இடையூறு. நம் ஊரில் ‘ஆக்கிரமிப்புகள் அகற்றப்பட்டன’ என்று செய்தி வரும்போது நாம் எத்தனை முறை இதே இலக்கணத்தைப் பார்த்திருக்கிறோம்! அகற்றப்பட்டவை ஆக்கிரமிப்புகள். ஆட்கள் எங்குமே இல்லை.

யார் தப்பினார்கள்?

அந்த 30 ஏக்கரில் எல்லாமே போய்விட்டதா என்றால் இல்லை. சுமார் 1,000 ஆண்டு பழமையான புனித அப்போஸ்தலர் தேவாலயம் தப்பியது. 1950களில் செலவு செய்து அதை ஆதி வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஏதென்ஸையும் பிரேயஸ் துறைமுகத்தையும் இணைக்கும் ரயில் பாதை அகோராவின் வடபகுதியை வெட்டிக்கொண்டு போகிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் போட்ட பாதை. அதுவும் தப்பியது. இன்றும் இடிபாடுகளுக்கு நடுவே ரயில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஜனநாயகத்தின் தொட்டிலுக்கு மேலே ரயில் ஓடலாம், குடும்பம் நடத்தக்கூடாது.

இடித்த இடத்தில் அவர்கள் புதிதாகக் கட்டவும் செய்தார்கள். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் பெர்கமோன் அரசன் அட்டாலஸ் கட்டிய தூண் மண்டபத்தை 1953 முதல் 1956 வரை புதிதாகக் கட்டி எழுப்பினார்கள். அதற்கும் ராக்கஃபெல்லர் பணம் வந்தது. இரண்டு அடுக்கு மண்டபம், நீளவாக்கில் நூறு மீட்டருக்கு மேல். அதுதான் இன்று அகோரா அருங்காட்சியகம். 2003 ஏப்ரலில் பத்து நாடுகள் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரும் ஒப்பந்தம் அந்த மண்டபத்தில்தான் கையெழுத்தானது. ஜனநாயகத்தின் பிறப்பிடத்தில் கையெழுத்திடுகிறோம் என்பதுதான் பெருமை. ஆக, ‘நவீன கட்டடம்’ என்பது பிரச்சினையே இல்லை. 1956இல் கட்டிய மண்டபம் 1931இல் இடித்த வீடுகளை விட நவீனமானது. யாருடைய கட்டடம் என்பதுதான் பிரச்சினை.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1914 ஏப்ரல் 20 அன்று அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், லட்லோ என்ற இடத்தில், வேலைநிறுத்தம் செய்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் கூடாரங்களைப் படையினர் சுட்டுத் தீ வைத்தார்கள். கூடாரத்துக்கு அடியில் வெட்டிய குழியில் ஒளிந்திருந்த 2 பெண்களும் 11 குழந்தைகளும் மூச்சுத்திணறி இறந்தார்கள். அந்தச் சுரங்கங்களில் முக்கிய நிறுவனம் ராக்கஃபெல்லர் குடும்பத்தின் கட்டுப்பாட்டில் இருந்தது. அன்று நிர்வாகத்தின் பக்கம் நின்று பேசியவர் இதே ஜூனியர். தொழிலாளிக்குச் சங்கம் வைக்கும் உரிமை இல்லை என்று சொன்ன பணம், பதினேழு ஆண்டு கழித்து மக்களாட்சியின் வேரைத் தேடிக் கடல் கடந்து போனது. கொடை என்பது எப்போதுமே இப்படித்தான் வேலை செய்கிறது. கோயில் கட்டும் கந்துவட்டிக்காரரை நமக்குத் தெரியாதா?

இது ஏதென்ஸோடு முடியவில்லை

டெல்ஃபியை எடுத்துக்கொள்ளுங்கள். ‘உன்னையே நீ அறிந்துகொள்’ என்று பொறித்திருந்ததாகச் சொல்லப்படும் அப்போலோ கோயில் இருந்த இடம். அதன்மேல் காஸ்ட்ரி என்று ஒரு கிராமம். தோண்டும் உரிமைக்காகப் பிரெஞ்சுப் பள்ளியும் அமெரிக்கப் பள்ளியும் போட்டி போட்டன. கிரேக்க அரசு பிரான்ஸோடு பேரம் பேசியது. பேரத்தின் ஒரு பகுதி உலர் திராட்சை ஏற்றுமதிக்கான வரி. எங்கள் திராட்சைக்கு வரியைக் குறை, உனக்கு டெல்ஃபியைத் தருகிறேன் என்பதுதான் சாரம். 1891இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பிரெஞ்சு நாடாளுமன்றம் 5 லட்சம் பிராங்க் ஒதுக்கியது. 1892இல் வேலை தொடங்கியபோது ஊர்மக்கள் தடுத்தார்கள். படைவீரர்களைக் காவலுக்கு நிறுத்தித் தோண்டினார்கள். கிராமம் மொத்தமாக இடம் பெயர்க்கப்பட்டது. உலர் திராட்சைக்கு இருந்த பேர மதிப்பு காஸ்ட்ரி மக்களுக்கு இல்லை.

சிரியாவின் பல்மைரா இன்னொன்று. பெல் கோயிலின் மதில்களுக்குள் ஒரு கிராமமே இருந்தது. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில், பிரெஞ்சு ஆட்சிப் பொறுப்பின்கீழ், அந்த மக்களைப் பக்கத்தில் புதிதாக அமைத்த தத்மூர் ஊருக்கு மாற்றிவிட்டுக் கோயிலைச் ‘சுத்தம்’ செய்தார்கள். 2015இல் ஐ.எஸ். அமைப்பு அந்தக் கோயிலை வெடி வைத்துத் தகர்த்தபோது உலகமே அழுதது. நாங்களும் வருந்தினோம். அந்த ஊரில் பிறந்து, நாற்பது ஆண்டுகள் அந்த இடிபாடுகளுக்குப் பொறுப்பாக இருந்த காலித் அல்-அசாதை அதே மாதத்தில் கழுத்தறுத்துக் கொன்றார்கள். எண்பது வயதைத் தாண்டியவர். ஊர்மக்களுக்குப் பழமையின் அருமை தெரியாது, அதனால்தான் அவர்களை வெளியேற்ற வேண்டியிருக்கிறது என்று சொல்பவர்கள் அவர் பெயரை ஒருமுறை உச்சரித்துவிட்டுப் பேசட்டும்.

எந்த அடுக்கு வரலாறு?

தொல்லியலில் ‘மண்ணடுக்கு’ என்று ஒரு சொல் உண்டு. மேலே புதியது, கீழே பழையது. ஒவ்வோர் அடுக்கும் ஒரு காலம். ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் மேலே இருப்பதை எடுத்தாக வேண்டும். எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு அகழாய்வும் ஒரு தேர்வு. எந்த அடுக்கைக் காப்பது, எந்த அடுக்கை அழிப்பது என்ற தேர்வு.

19, 20ஆம் நூற்றாண்டுகளில் வெளிநாட்டுப் பள்ளிகள் செய்த தேர்வு ஏறத்தாழ ஒரே மாதிரியானது. கி.மு. 5ஆம் நூற்றாண்டு பொன். ஓட்டோமான் காலம் தடைக்கல். சமகால மக்கள் அதற்கும் கீழே. ஐரோப்பா தன் தாத்தாவைத் தேடிக்கொண்டிருந்தது. தாத்தாவின் வீட்டில் குடியிருந்தவர்கள் அவருடைய உண்மையான பேரப்பிள்ளைகள் இல்லை, தாங்கள்தான் வாரிசு என்பது அந்தத் தேடலின் உள்ளார்ந்த நம்பிக்கை. கிரேக்க நாட்டின் மேல்தட்டும் அதை ஏற்றுக்கொண்டது. ஐரோப்பாவின் முன்னால் தலைநிமிர அதற்குப் பெரிக்கிளிஸ் வேண்டும், விரிசாக்கியின் செருப்புக்கடைக்காரர் வேண்டாம்.

சாதிச் சமூகத்தில் வளர்ந்த நமக்கு இது உடனே பிடிபடும். அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று சொன்னதை மண்ணிலும் அடுக்கி வைத்திருக்கிறார்கள். எந்தக் கல்லுக்கு வேலி, எந்தக் கல்லுக்குப் புல்டோசர் என்பதை அடியில் இருப்பவர் ஒருநாளும் முடிவு செய்வதில்லை.

தோண்டியதில் கிடைத்தவர்கள்

‘அப்படியானால் தோண்டவே கூடாது என்கிறீர்களா?’ என்று கேட்பார்கள். இல்லை. அகோராவில் கிடைத்தவற்றில் நமக்கு மிகவும் வேண்டியவை உண்டு. அவற்றை விட்டுக்கொடுக்க நாங்கள் தயாராக இல்லை.

1970இல் அங்கே ஒரு கல்வெட்டு கிடைத்தது. நிக்கோஃபோன் என்பவர் முன்மொழிந்த கி.மு. 375/4ஆம் ஆண்டுச் சட்டம். சந்தையில் புழங்கும் வெள்ளிக்காசு நல்லதா கள்ளதா என்று சோதிக்க ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர் அரசாங்கத்துக்குச் சொந்தமான அடிமை. ஏதென்ஸின் வணிகமே அவர் கண்ணையும் கையையும் நம்பி நடந்தது. அவர் தன் இடத்தில் உட்காராவிட்டாலோ சட்டப்படி சோதிக்காவிட்டாலோ 50 கசையடி. இதைக் கல்லில் வெட்டி வைத்தது மக்களாட்சி. அந்த வெள்ளி வந்த லௌரியோன் சுரங்கங்களில் வேலை செய்தவர்களும் அடிமைகளே. நிக்கியாஸ் என்ற தளபதி 1,000 அடிமைகளைச் சுரங்கத்துக்கு வாடகைக்கு விட்டிருந்தார் என்று செனொஃபோன் எழுதியிருக்கிறார். ஜனநாயகத்தின் பொற்காலம் என்பதற்குள் எவ்வளவு வெள்ளி, அந்த வெள்ளிக்குள் எவ்வளவு முதுகு என்று இந்தக் கல்லைப் படித்தவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்று சின்ன ஈயத் தகடு. அகோராவின் ஒரு பழங்கிணற்றில் கிடைத்தது, கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. டேவிட் ஜோர்டன் என்ற ஆய்வாளர் அதை வாசித்து 2000இல் வெளியிட்டார். லெசிஸ் என்ற பையன் தன் தாய்க்கும் செனொக்ளிஸ் என்பவருக்கும் அனுப்பிய கடிதம் அது. உலோகப் பட்டறையில் தான் செத்துக்கொண்டிருப்பதாகவும், பொல்லாதவன் ஒருவனிடம் ஒப்படைக்கப்பட்டிருப்பதாகவும், கட்டி வைத்துச் சவுக்கால் அடிப்பதாகவும், குப்பையைப் போல நடத்துவதாகவும், தன்னை வேறு இடத்துக்கு மாற்றிவிடும்படியும் கெஞ்சுகிறான். அவன் அடிமையா, வேலை பழக விடப்பட்ட சுதந்திரப் பையனா என்று ஆய்வாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். சவுக்கைப் பற்றி விவாதம் இல்லை. செங்கல் சூளையிலிருந்தும் முறுக்குக் கம்பெனியிலிருந்தும் மீட்கப்பட்ட குழந்தைகளோடு வேலை செய்தவர்களுக்கு அந்தக் கடிதம் புதிதல்ல. 2,300 ஆண்டு கழித்தும் குரல் அதேதான்.

மூன்றாவது, ஒரு செருப்புத் தைக்கும் பட்டறை. அகோராவின் எல்லைக்கல்லை ஒட்டி ஒரு வீடு. அதில் செருப்புக்கு அடிக்கும் சிறு இரும்பாணிகளும், கயிறு கோக்கும் எலும்பு வளையங்களும், சைமன் என்ற பெயர் கீறிய ஒரு கோப்பையின் அடிப்பாகமும் கிடைத்தன. சாக்ரடீஸ் சைமன் என்ற செருப்புத் தொழிலாளியின் பட்டறையில் உட்கார்ந்து பேசுவார் என்று பிற்கால நூலாசிரியர் டயோஜெனிஸ் லயெர்ட்டியஸ் எழுதுகிறார். அந்த உரையாடல்களை முதலில் எழுதி வைத்தவர்களில் ஒருவர் அவர் என்கிறார். உன்னை நான் ஆதரிக்கிறேன், என்னிடம் வந்துவிடு என்று பெரிக்கிளிஸ் அழைத்தபோது, என் பேச்சுச் சுதந்திரத்தை விற்க மாட்டேன் என்று சைமன் மறுத்துவிட்டதாகவும் சொல்கிறார். இந்தப் பட்டறை அதே சைமனுடையதுதானா என்பதில் கேள்விகள் உண்டு. ஆனால் எல்லைக்கல்லின் பக்கத்தில் தோல் வேலை நடந்தது என்பதை ஆணிகள் சொல்கின்றன. தோல் தொட்ட கையைத் தீட்டு என்று ஊருக்கு வெளியே தள்ளிய நாட்டிலிருந்து பார்க்கும்போது, ஒரு ஞானி செருப்புப் பட்டறையில் போய் உட்கார்ந்தார் என்ற செய்தி சாதாரணமானதல்ல. அதற்காக ஏதென்ஸை வானத்தில் தூக்கி வைக்கவும் வேண்டாம். நல்ல அரசு கைத்தொழிலாளியைக் குடிமகனாக ஏற்காது என்று எழுதியவர் அதே நகரத்தில் பாடம் நடத்திய அரிஸ்டாட்டில்தான்.

தொல்லியல் நமக்கு எதிரி இல்லை. ஏட்டில் எழுதும் உரிமை மறுக்கப்பட்டவர்களின் தடயம் மண்ணில்தான் கிடக்கும். அயோத்திதாசர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கி, எழுதி வைத்த வரலாற்றைத் தலைகீழாகப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். அந்தப் படிப்பு மண்ணுக்கும் வேண்டும் என்பதுதான் எங்கள் வாதம். லெசிஸுக்காகக் கண்ணீர் விடும் நிறுவனம், அவனைத் தேடுவதற்காக எந்தக் குழந்தைகளை வீட்டிலிருந்து கிளப்பியது என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

மண்வெட்டியும் பேனாவும்

தோண்டுவது யார், எழுதுவது யார் என்பதையும் பேசியாக வேண்டும். எகிப்தில் ஆங்கிலேயரின் எகிப்து ஆய்வு நிதியம் 1882இல் தொடங்கியது. அதற்காகப் பல ஆண்டுகள் தோண்டிய பிளிண்டர்ஸ் பெட்ரியை நவீன அகழாய்வு முறையின் தந்தைகளில் ஒருவர் என்கிறார்கள். 1893-94இல் கிஃப்ட் என்ற ஊரில் அவர் வேலைக்கு எடுத்துப் பழக்கிய ஆட்கள் கைதேர்ந்த அகழாய்வாளர்கள் ஆனார்கள். அவர்கள் பிள்ளைகள், பேரர்கள் என்று நூறாண்டுக்கு மேலாக எகிப்தின் குழிகளில் ‘கிஃப்டி’ என்றாலே திறமைசாலி என்று பொருள். மண்ணின் நிறமாற்றத்தைக் கையால் உணர்ந்து இது சுவர், இது நிரப்பு மண் என்று பிரிக்கத் தெரிந்தவர்கள். ஆனால் புத்தகத்தில் பெயர் பெட்ரிக்கு. தொழிலாளிகளின் பெயர்கள் அவருடைய குறிப்பேட்டிலும் கூலிப் பட்டியலிலும் தங்கிவிட்டன. 2010இல் ஸ்டீபன் குவிர்க் என்ற ஆய்வாளர் அந்தக் காகிதங்களைப் புரட்டி ஒரு புத்தகம் எழுதும்வரை பெரும்பாலும் அப்படியேதான் கிடந்தன. இதே பெட்ரிதான் இனவாத அறிவியலாளர் பிரான்சிஸ் கால்டனின் ஆர்வத்துக்காக எகிப்தியச் சிற்பங்களில் ‘இன வகைகளை’ப் படமெடுத்தவர்.

உடல் உழைப்பு ஒருவருக்கு, அறிவு இன்னொருவருக்கு என்று பிறப்பிலேயே பிரித்து வைத்த சமூகத்திலிருந்து வந்திருக்கிறோம். இதைப் பார்த்தவுடன் நமக்கு அடையாளம் தெரிந்துவிடுகிறது. இங்கேயும் கேட்போம்: கீழடியில், கொடுமணலில், ஆதிச்சநல்லூரில் நாள்கூலிக்குக் கூடை சுமந்த பெண்களில் ஒருவர் பெயர் உங்களுக்குத் தெரியுமா? அவர் கண்ணில் முதலில் பட்ட பானை ஓட்டின் படம் எல்லோருக்கும் தெரியும்.

வெள்ளைக்காரன் மட்டுமா?

இந்த இடத்தில் ஒரு வசதியான முடிவுக்கு வந்துவிட ஆசை வரும். ‘அன்னியன் வந்து சூறையாடினான்’ என்று கையைத் துடைத்துக்கொள்ளலாம். சூறையாடலும் நடந்ததுதான். ஆதிச்சநல்லூரில் 1876இல் தோண்டிய ஃபெடோர் யாகோர் எடுத்ததைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார். ஆனால் விரிசாக்கி அப்படிப்பட்ட கதை இல்லை. அங்கே கிடைத்த பொருள்கள் ஏதென்ஸிலேயே இருக்கின்றன. ஒப்பந்தம் இருந்தது, சட்டம் இருந்தது, இழப்பீடும் இருந்தது. திருட்டு என்று ஒன்றுகூட இல்லை. அதனால்தான் அது முக்கியம். எல்லாம் சட்டப்படி நடக்கும்போதும் ஒரு சமூகத்தை அழிக்க முடியும் என்று அது காட்டுகிறது. இழப்பீடு எப்போதும் பத்திரத்தோடு பேசும். அண்டை வீடு, கடன் சொல்லி வாங்கும் மளிகைக்கடை, குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் எதிர்வீட்டுப் பாட்டி இவற்றுக்கெல்லாம் பத்திரம் கிடையாது.

வெளிநாட்டுப் பள்ளி போய் உள்நாட்டுத் துறை வந்தால் சரியாகிவிடுமா? 2011 ஜூலையில் ஹம்பியில் விருபாட்சர் கோயிலுக்கு முன்னால் இருந்த கடைவீதியில், தலைமுறைகளாக வாழ்ந்தவர்களின் வீடுகளையும் கடைகளையும் மிகக் குறுகிய அவகாசத்தில் இடித்துத் தள்ளினார்கள். காரணம் பாரம்பரியம். 2023இல் டெல்லி துக்ளகாபாத் கோட்டைப் பகுதியில் இந்தியத் தொல்லியல் துறை நூற்றுக்கணக்கான ஏழைகளின் வீடுகளை இடித்தது. காரணம் பாரம்பரியம். சென்னையில் ஆற்றை மீட்கிறோம் என்று சொல்லிக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் யாரைத் தூக்கிப்போட்டார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாரம்பரியம், சுற்றுச்சூழல், அழகு என்று பெயர் மாறும். லாரியில் ஏற்றப்படும் பாத்திரங்கள் மாறுவதில்லை.

சட்டத்தையும் பாருங்கள். 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டம் சமூகத் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. மக்களிடம் கேள், பொதுவிசாரணை நடத்து, அப்புறம் எடு என்பது அதன் உயிர்நாடி. அந்தச் சட்டத்தின் நான்காம் அட்டவணையில் 13 சட்டங்களுக்கு விலக்கு உண்டு. பட்டியலில் முதலில் நிற்பது எது தெரியுமா? 1958ஆம் ஆண்டுத் தொல்பழமைச் சின்னங்கள், தொல்லியல் இடங்கள் சட்டம். 2015இல் மத்திய அரசின் ஆணை இழப்பீட்டையும் மறுவாழ்வையும் இந்த 13க்கும் நீட்டித்தது. மக்களைக் கேட்கும் கட்டாயத்தை நீட்டிக்கவில்லை. பணம் தருகிறோம், கருத்துக் கேட்கமாட்டோம் என்பதுதான் இன்றைய நிலை. 1931 ஏதென்ஸிலிருந்து நாம் வெகுதூரம் வந்துவிடவில்லை.

நாம் கேட்க வேண்டியவை

தொல்லியல், வரலாறு, சமூகவியல் படிக்கும் தோழர்களே, நீங்கள் நாளை குழிக்குள் இறங்கப் போகிறவர்கள். அறிக்கை எழுதப் போகிறவர்கள். சிலர் வெளிநாட்டு நிறுவனத்தின் உதவித்தொகையிலும் போவீர்கள். போங்கள், தாராளமாகப் போங்கள், கதவு நமக்கும் திறக்க வேண்டும். போகும்போது இந்தக் கோரிக்கைகளைக் கையில் கொண்டுபோங்கள்.

ஒன்று: தொல்லியலுக்காக நிலம் எடுக்கும்போதும் சமூகத் தாக்க மதிப்பீடு கட்டாயமாக வேண்டும். நான்காம் அட்டவணை விலக்கு போக வேண்டும். பட்டா இல்லாதவர், வாடகைக்கு இருப்பவர், நடைபாதையில் கடை போட்டவர் எல்லோரும் பாதிக்கப்பட்டவராகவே கணக்கில் வர வேண்டும்.

இரண்டு: அகழாய்வில் வேலை செய்யும் ஒவ்வொருவரின் பெயரும், அவர் சம்மதத்தோடு, அறிக்கையில் வர வேண்டும். ‘தொழிலாளர் உதவியுடன்’ என்ற இரண்டு சொல்லில் யாரையும் புதைக்கக்கூடாது. சட்டப்படியான கூலி, விபத்துக் காப்பீடு, பெண்களுக்குக் கழிப்பறை என்பவை ஆய்வு முறையின் பகுதியாகவே எழுதப்பட வேண்டும்.

மூன்று: மேல் அடுக்கும் ஆவணம்தான். இடிப்பதற்கு முன் வீடுகளைப் படமெடுத்து வைக்கும் வேலையை விரிசாக்கியில் அமெரிக்கப் பள்ளி செய்தது. அந்த ஆவணங்களைக் கொண்டு சில்வி துய்மோன் எழுதிய புத்தகத்தை அதே பள்ளி 2020இல் வெளியிட்டது. இதை நாங்கள் மறைக்கவில்லை, பாராட்டவும் செய்கிறோம். ஆனால் கிட்டத்தட்ட 90 ஆண்டு கழித்து வரும் நினைவஞ்சலி நமக்கு வேண்டாம். மக்கள் இருக்கும்போதே அவர்கள் வாயால் அவர்கள் வரலாற்றைப் பதிவு செய்ய வேண்டும், தோண்டலாமா என்ற முடிவில் அவர்களுக்கு வாக்கு வேண்டும்.

நான்கு: அருங்காட்சியகத்தில் மன்னனுக்கும் வணிகனுக்கும் இருக்கும் இடம், அந்த இடத்துக்காக வெளியேறியவர்களுக்கும் வேண்டும். குறைந்தது ஒரு சுவர். அதில் ‘கட்டடங்கள்’ என்று எழுதக்கூடாது. குடும்பங்களின் பெயர்களை எழுத வேண்டும்.

ஐந்து: ‘சாதியற்ற பொற்காலம்’ என்ற முழக்கத்துக்கு முன்னால் ஆதாரத்தைக் கேளுங்கள். நூல் நூற்றவர் யார், சூளையில் நின்றவர் யார், இடுகாட்டில் குழி தோண்டியவர் யார்? அந்தக் கேள்வியைக் கேட்காத தொல்லியல், அரண்மனைக்கு வெள்ளையடிக்கும் வேலைதான், அதை வெள்ளைக்காரர் செய்தாலும் தமிழர் செய்தாலும்.

இதையெல்லாம் கேட்டால் ஆய்வு தாமதமாகும் என்பார்கள். 2,400 ஆண்டுகள் மண்ணுக்குள் காத்திருந்த கல், ஒரு பொதுவிசாரணை முடியும்வரை காத்திருக்காதா?

ஜெய் பீம்!